சருமத்தின் அரணைத் தேற்றும் தாவரச் சாரங்கள்: படிப்படியான முழு வழிகாட்டி

சருமம் வறண்டு இழுக்கிறது, எதைப் பூசினாலும் எரிகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த மூலிகைச் சீரம் நல்லது?" என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கான நேரம் இன்னும் வரவில்லை. இந்த வழிகாட்டியில் அதற்கு விடை ஐந்தாவது படியில் வருகிறது. முன்னால் உள்ளவற்றைத் தாண்டிக் குதித்தவர்களிடம் எவ்வளவு நல்ல சாரமும் பலிக்காமல் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அரணைக் கட்டும் வேலையைச் சருமமே செய்துகொள்கிறது. தாவரச் சாரம் அதற்குக் கொஞ்சம் மூலப்பொருள் தரும். அழற்சியைத் தணித்து வேலை தடைபடாமல் நடக்கவிடும். அதற்கேற்றபடிதான் கீழே உள்ள வரிசை அமைந்திருக்கிறது.

1. எங்கே உதவி தேவை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அரண் என்று நாம் சொல்வது சருமத்தின் மேல்புறத்து இறந்த செல்களின் அடுக்கு. உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). செல்கள் செங்கல் என்றால், இடையில் நிரம்பியிருக்கும் கொழுப்புகள் சாந்து. அந்தக் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி செராமைடு, கால்பங்கு கொலஸ்ட்ரால். மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள்.

இத்துடன் இரண்டு விஷயங்கள் சேரவேண்டும். ஒன்று, ஃபிலாக்ரின் என்ற புரதம். அது சிதைந்து உண்டாகும் பொருள்கள்தான் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. மற்றொன்று அமிலத்தன்மை. அதை அளக்கும் எண் பிஹெச்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஆரோக்கியமான சருமத்தின் பிஹெச் சுமார் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். செராமைடை உருவாக்கும் நொதிகள் இந்த அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்கின்றன. பிஹெச் ஏறினால் அவை மந்தமாகி, செல்களின் பிணைப்பை அறுக்கும் நொதிகள் சுறுசுறுப்பாகிவிடும்.

தாவரம் மூன்று வழிகளில் கைகொடுக்கும். செராமைடு கட்டத் தேவையான லினோலிக் அமிலத்தைத் தரலாம். அழற்சியைத் தணிக்கலாம், அழற்சி நீடிக்கும் சருமத்தில் ஃபிலாக்ரின் உற்பத்தியே குறைந்துவிடுகிறது. மூன்றாவதாக, ஃபிலாக்ரின் போன்ற புரதங்களைக் கூடுதலாக உருவாக்கும்படி செல்களைத் தூண்டலாம். விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவது இந்த மூன்றாவது வழி. ஆனால் அதற்கான ஆதாரம் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களிலிருந்து கிடைத்தது. பணமும் பொறுமையும் முதல் இரண்டு வழிகளுக்குச் செலவாகட்டும்.

2. தொடங்குமுன் கைவசம் இருக்க வேண்டியவை

வாசனை சேர்க்காத, சோப்பு அல்லாத மென்மையான கிளென்சர் ஒன்று. செராமைடும் கிளிசரினும் உள்ள, வாசனையற்ற கிரீம் ஒன்று. ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லி. பகலில் வெளியே போகிறவர்களுக்குச் சன்ஸ்கிரீன். கழுவியபின் இழுக்கும் நேரம், கிரீம் பூசினால் எரிச்சல், இரவு அரிப்பு ஆகியவற்றை இன்றுமுதல் குறித்துவைக்க ஒரு நோட்டு.

தாவரச் சாரம் உள்ள பொருளை இப்போதே வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் பூசாமல் இருக்க மனம் வராது.

இன்றைக்கே, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பாதிப்புள்ள இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்தால் போதும். அரண் மெல்ல மெல்லத் தேறும். தினமும் கண்ணாடியைப் பார்ப்பவருக்கு அந்த மாற்றம் தெரியாது. தெரியாததால் பொருளை மாற்றுவார். மாற்றியதால் எது உதவியது, எது கெடுத்தது என்பதே புரியாமல் போய்விடும்.

3. உடைப்பதை நிறுத்துங்கள்

இரண்டு வாரங்களுக்கு ஸ்கிரப், அமில உரிப்பான்கள், ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகைப் பூச்சு), ஆல்கஹால் கலந்த டோனர், நறுமண எண்ணெய்கள் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் இதில் அடக்கம். முன்னதன் பிஹெச் 2-ஐ ஒட்டியது, பின்னது காரம். இரண்டுமே சருமம் தாங்கும் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. இந்த மேலடுக்கு ஏறக்குறைய அந்தக் கால அளவில்தான் முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகும். அதற்கு முன்னால் எதைச் சேர்த்தாலும், தேறியது சாரத்தாலா, ஓய்வாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் படியிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தீர்ந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். தாவரச் சாரம் தேடி அலைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கழுவும் முறையையும் இப்போதே மாற்றுங்கள். சாதாரண சோப்பின் பிஹெச் 9 முதல் 10 வரை இருக்கும். அது கொழுப்பையும் உருவி எடுத்துப் போகும். வெதுவெதுப்பான நீர், குறைந்த நேரம், கிளென்சர் அழுக்குள்ள இடங்களுக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கழுவியபின் 'கிறீச்' என்று விரல் வழுக்காமல் நின்றால் அதைச் சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் இருக்கவேண்டிய கொழுப்பு போய்விட்டது என்பதற்கான அடையாளம் அது.

4. அடிப்படைக் கிரீமை நிலைநிறுத்துங்கள்

கழுவி ஒற்றிய சில நிமிடங்களுக்குள், சருமத்தில் ஈரம் இருக்கும்போதே கிரீமைப் பூசுங்கள். காய்ந்தபின் பூசினால், அடைத்து வைக்க ஈரம் மிச்சமிருக்காது.

அளவில்தான் பெரும்பாலோர் குறைவைக்கிறார்கள். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு முழுவதும் ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலப் பரப்புக்கு அது போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டரை மடங்கு வேண்டும்.

மூன்று கொழுப்புகளும் உள்ள கிரீம் கிடைத்தால் அதையே எடுங்கள். அரணைச் சிதைத்துவிட்டு மீட்சியை அளந்த ஆய்வுகளில், செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சேர்ந்த கலவை மீட்சிக்கு இடையூறு செய்யவில்லை. தகுந்த விகிதத்தில் சேர்த்தபோது மீட்சி விரைவானது. ஒன்றிரண்டை மட்டும் பூசியபோது மீட்சி தாமதமானது. வெறும் எண்ணெயை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெடித்துப்போன இடங்களில் கிரீமுக்கு மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவுங்கள். "அது சருமத்தை மூச்சுவிட விடாது" என்ற பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். அது மேலடுக்கின் இடைவெளிகளுக்குள் புகுந்து நீரிழப்பைக் குறைக்கிறது. அடியில் அரண் மீளுவதையும் தடுப்பதில்லை.

5. இப்போது சாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வாரம் கழித்தும் குறை இருக்கிறதா? என்ன குறை என்று பார்த்து அதற்கேற்ற தாவரத்தை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

செதில் உதிரும் வறட்சிக்கு, லினோலிக் அமிலம் மிகுந்த விதையெண்ணெய். சூரியகாந்தி எண்ணெய் இதற்குப் பொருத்தமானது. பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரியவர்களின் முன்கையில் ஆலிவ் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் சில வாரங்கள் பூசிப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த முடிவின்படி ஆலிவ் எண்ணெய் மேலடுக்கின் உறுதியைக் குறைத்தது, லேசான சிவப்பையும் உண்டாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் உறுதியைக் கெடுக்கவில்லை, ஈரத்தையும் கூட்டியது. ஆலிவில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலம் கொழுப்பு அடுக்குகளின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது.

இங்கே ஒரு கண்ணி உண்டு. ஓலிக் அமிலம் மிகுதியாக இருக்கும்படி உருவாக்கிய சூரியகாந்தி வகைகளின் எண்ணெயும் விற்பனையில் இருக்கிறது. பொரிக்கவும் நாள்பட வைத்திருக்கவும் அது நல்லது. நமக்குத் தேவை அது அல்ல. புட்டியில் 'ஹை ஓலிக்' என்று இருந்தால் வைத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேறு வகை. அதில் லினோலிக் அமிலம் மிகக் குறைவு. லாரிக் அமிலமே அதிகம். குழந்தைகளின் மிதமான கரப்பானில் கன்னித் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நீரிழப்பை நன்றாகக் குறைத்ததாக 2014-ல் பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்று காட்டியது. மேற்பூச்சாக அது நல்ல துணை. செராமைடுக்கு மூலப்பொருள் தரும் என்று மட்டும் எண்ண வேண்டாம். பரு வரும் முகத்தில் தவிர்க்கலாம்.

அரிப்புக்கு முதலிடம் கூழ்ம ஓட்ஸ் தூளுக்குத்தான் (நீரில் சீராகக் கலக்கும்படி மாவாக அரைத்த ஓட்ஸ்) தருவேன். அதிலுள்ள பீட்டா குளுக்கன் ஈரத்தைப் பிடிக்கும். அவெனந்த்ராமைடு என்ற சேர்மங்கள் அரிப்பையும் அழற்சியையும் தணிக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003-ல் இதைச் சருமப் பாதுகாப்புப் பொருளாக ஏற்றது. தாவரப் பொருள்களில் இந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டவை குறைவு.

சிவந்து எரியும் சருமத்துக்கு வல்லாரை அல்லது அதிமதுரம். வல்லாரையில் வேலை செய்யும் சேர்மங்கள் மேடகாசோசைடு, ஏசியாட்டிகோசைடு. அதிமதுரத்தில் கிளைசிரெட்டினிக் அமிலம், அதன் ஒரு வகையில் லைகோகால்கோன் ஏ. ஒரு மூலக்கூறின் எடை 500 டால்டனை (மூலக்கூறு எடையின் அலகு) தாண்டினால் அரணைக் கடந்து உள்ளே போவது கடினம் என்பது பொது விதி. மேடகாசோசைடின் எடை 975-ஐ ஒட்டியது; லைகோகால்கோன் ஏ 338. அரண் உடைந்த இடத்தில் பெரிய மூலக்கூறும் ஓரளவு நுழையும். ஆகவே வல்லாரை வீண் என்று இதற்குப் பொருளில்லை. "ஆழத்தில் சென்று செல்களைப் புதுப்பிக்கிறது" என்ற வாசகத்தை மட்டும் தள்ளிவைத்துப் படியுங்கள்.

பச்சைத் தேயிலைச் சாரம் ஆய்வகத்தில் நம்பிக்கை தருகிறது. ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால் அதில் வேலை செய்யும் கேட்டச்சின் என்ற சேர்மங்கள் எளிதில் கெட்டுப் பழுப்பாகிவிடும். காற்றுப் புகாத பம்ப் குப்பியில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கற்றாழைக்கூழ் பெரும்பாலும் நீர். மேலே கிரீம் பூசாவிட்டால் காய்ந்து மறுபடி இழுக்கும். செடியிலிருந்து நேரடியாக எடுக்கிறவர்கள் தோலுக்கடியில் வடியும் மஞ்சள் பாலை முழுதாக வடியவிட்டுக் கழுவ வேண்டும். அதிலுள்ள அலோயின் எரிச்சல் தரும்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது நறுமண எண்ணெய்கள். அவற்றிலுள்ள லிமோனீன், லினலூல் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. சாமந்திக் குடும்பத்துச் செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் கெமோமில், காலெண்டுலா, ஆர்னிகா மூன்றிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எலுமிச்சை வகைகளின் சாற்றிலும் தோலெண்ணெயிலும் உள்ள ஃபியூரனோகூமரின்கள் வெயில் பட்டால் கொப்புளம் வரை கொண்டுபோகும். அந்தக் கருமை மறைய மாதங்கள் ஆகலாம்.

6. லேபிளைப் படிக்கும் முறை

குப்பியின் முன்பக்கத்தில் இலைப் படம் பெரிதாக இருக்கும். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பொருள்கள் அளவு குறையும் வரிசையில் இருக்கும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம்.

அந்த ஒரு சதவீதக் கோட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பல கிரீம்களில் 'ஃபீனாக்ஸிஎத்தனால்' என்ற பாதுகாப்பான் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி அது ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்குப் பின்னால் வரும் சாரங்கள் எல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான். பத்துச் செடிகளின் பெயர்கள் அதன்பின் வரிசையாக நின்றால், பயனைவிட ஒவ்வாமைக்கான வாய்ப்புகளையே அதிகம் வாங்குகிறீர்கள்.

'மேடகாசோசைடு' என்று தனிச் சேர்மமாகப் பிரித்தெடுத்துப் போட்டிருந்தால் கதை வேறு; அது குறைந்த அளவிலும் வேலை செய்யக்கூடும். வெறும் 'சென்டெல்லா ஏசியாட்டிகா எக்ஸ்ட்ராக்ட்' (வல்லாரைச் சாரம்) என்றால் அது செடியின் எந்தப் பகுதி, எந்தக் கரைப்பான், எவ்வளவு செறிவு என்று தெரியாது. ஒரே பெயருள்ள இரண்டு சாரங்கள் முற்றிலும் வேறாக இருக்கலாம். 'பர்ஃப்யூம்', 'லினலூல்', 'லிமோனீன்' ஆகிய பெயர்கள் கண்ணில் பட்டால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

7. முகத்துக்கு முன் முன்கை

முழங்கை மடிப்புக்குக் கீழே, முன்கையின் உள்பக்கத்தில் சிறிய சதுரமாக இடம் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இருமுறை, ஏழு முதல் பத்து நாள்கள், அதே இடத்தில் பூசுங்கள். ஒருமுறை பூசி அரைமணி நேரம் பார்த்துவிட்டு "ஒத்துக்கொண்டது" என்று முடிவு செய்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. உடனே எரிவது எரிச்சல். ஒவ்வாமை வழக்கமாக இரண்டு முதல் நான்கு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். முதன்முறையாக உடல் சந்திக்கும் பொருள் என்றால் இன்னும் தாமதமாகும்.

அரிப்பு, சிவப்பு, சிறு கொப்புளம் எது வந்தாலும் கழுவிவிட்டு அத்துடன் நிறுத்துங்கள். "விஷம் வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சருமம் வேண்டாம் என்கிறது, அவ்வளவுதான்.

8. சேர்க்கும் வரிசையும் வேகமும்

நீர்த்த சீரம் என்றால் ஈரச் சருமத்தில் முதலில், அதன்மேல் கிரீம். எண்ணெய் என்றால் கிரீமுக்குப் பின். எண்ணெயை முதலில் பூசினால் மேலே வரும் நீர்ப்பொருள் சருமத்தைத் தொடுவதே சிரமம். சன்ஸ்கிரீன் எப்போதும் கடைசியில். அதன்மேல் எண்ணெய் தடவினால் அதன் படலம் கலைந்துவிடும்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், இரவில் மட்டும். அடுத்த வாரம் தினமும். நான்கு வாரம் முடியும்வரை வேறு எதையும் சேர்க்கவோ அளவைக் கூட்டவோ வேண்டாம்.

9. வீட்டில் தயாரிப்பதில் எது சரி, எது ஆபத்து

ஓட்ஸ் குளியலைத் தயங்காமல் வீட்டில் செய்யலாம். எதுவும் கலக்காத ஓட்ஸை மிக்சியில் மாவாக அரையுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். நீர் பால்போல ஒரே சீராக வெளுத்து, விரலில் வழவழப்பாகப் பட வேண்டும். தூள் உடனே அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஊறி, ஒற்றி, உடனே கிரீம் பூசுங்கள். தொட்டி வழுக்கும், எழும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

இலையை அரைத்தோ கொதிக்கவைத்தோ எடுத்த நீர்ச்சாற்றைப் புட்டியில் அடைத்து வைக்கும் பழக்கம்தான் எனக்குக் கவலை தருவது. பாதுகாப்பான் இல்லாத நீரில் கிருமிகள் விரைவாகப் பெருகும். நிறமும் மணமும் மாறுவதற்கு முன்பே பெருகியிருக்கும். அரண் உடைந்த சருமத்தில் அதைப் பூசுவது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். எண்ணெயில் அந்தக் கவலை குறைவு. ஆனால் சிக்கடித்த எண்ணெயைப் பூசாதீர்கள்.

பச்சிளங்குழந்தைகளுக்கு எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். 2016-ல் வெளியான ஆய்வில் ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே புதிதாகப் பிறந்த குழந்தைகளின் கொழுப்பு அடுக்கு ஒழுங்காக அமைவதைத் தாமதப்படுத்தின. கரப்பான் உள்ள குழந்தையின் உடைந்த சருமத்தில் ஓட்ஸ் போன்ற உணவுப் பொருளைத் தொடர்ந்து பூசினால் அதற்கே ஒவ்வாமை ஏற்படும் வாய்ப்பும் உண்டு. குழந்தை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

10. நான்காவது வாரத்தில் என்ன பார்க்க வேண்டும்

முகம் பளபளக்கிறதா என்று பார்க்காதீர்கள். கழுவியபின் இழுக்கும் உணர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, சாதாரணக் கிரீம் பூசினால் எரிகிறதா, இரவில் அரிப்பால் விழிக்கிறீர்களா ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதியவற்றோடு ஒப்பிடுங்கள். மூன்றில் இரண்டு குறைந்திருந்தால் அதே பொருளைத் தொடருங்கள். எதுவும் மாறாவிட்டால் சாரத்தை நிறுத்திவிட்டு அடிப்படைக் கிரீமோடு இருங்கள். மாறாமல் இருக்கும்போது அளவைக் கூட்டுவது உதவாது.

நீர் வடிதல், தேன்நிறப் பொருக்கு, காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, வலிக்கும் கொப்புளங்கள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நான்கு வாரம் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது நோட்டையும் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். பூசிய பொருள்கள் அனைத்தையும், காலிக் குப்பிகள் உட்பட, லேபிளைக் கிழிக்காமல் கொண்டுபோங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேட்ச் டெஸ்ட் செய்து கண்டறிய அவருக்கு அவை தேவைப்படும்.